நம்ம ஆளு, எங்கட ஆள்

(வவுனியா நெளுக்குளத்தில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் பேசப்பட்டது. தோட்டங்களில் உள்ள வாசகர்களும் படிக்க வேண்டும் என்று கூட்டத்துக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டதால், பேச்சை இங்கே தருகிறோம்.)



விடியக் காலையில் ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, மதவாச்சி கடந்து இங்கே வந்து சேர்ந்தோம். ஏறும்போது கம்பளிச் சட்டை, இறங்கும்போது வியர்வை. நெளுக்குளத்தில் இறங்கியதும் ஓர் அம்மா எங்களைப் பார்த்து, "எந்தத் தோட்டங்க நீங்க?" என்று கேட்டார். தோட்டத்தின் பேரைச் சொன்னோம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம ஆளுங்க!" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அவர் அந்தத் தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறதாம். பேரைக் கேட்டதும் மனசு அங்கே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். அவரும் மரியாதையாகத்தான் கேட்டார்: "தம்பியவை ஆர் ஆக்கள்? எவடம்?" பதில் சொன்னோம். "ஓ, எங்கட ஆக்கள் இல்லை, மலைநாடோ" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் எங்களைத் திட்டவில்லை, விரட்டவுமில்லை. ஆனாலும் அம்மா தந்த தேத்தண்ணியின் சூடு கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

அம்மாவும் ஐயாவும் கேட்டது ஒரே கேள்விதான். இந்த ஆள் உள்ளா, வெளியா? மனுஷனுக்கு மனுஷன் ஏன் இப்படிக் கேட்கிறான்? தன் ஆளுக்கு மட்டும் ஏன் கை தாராளமாக நீளுகிறது? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச நினைக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். தன் ஆளுக்கு உதவுவது பாவமல்ல. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சொல்லித்தானே வளர்ந்தோம். 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் லயத்தைப் பறிகொடுத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்த வன்னிக்கு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முதலில் வந்தவர் காடு வெட்டிக் குடிசை போட்டார். பிறகு மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார். மச்சான் தன் தங்கச்சி குடும்பத்தைக் கூட்டி வந்தார். "நம்ம ஆளு" என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அன்றைக்கு எத்தனை பேர் தெருவில் நின்றிருப்போம்?

ஆகவே இந்தப் பாசம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது எங்கே இருந்து வருகிறது, எந்த இடத்தில் விஷமாகிறது என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.

இதை ஆராய்ந்தவர்களில் ஹென்றி தாஜ்ஃபெல் என்று ஒருவர் இருந்தார். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மனியரிடம் சிறைப்பட்டார். யுத்தம் முடிந்து வெளியே வந்து தேடியபோது, அவருடைய குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை இப்படி அழிக்க மனம் எப்படி வருகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. பிற்காலத்தில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பேராசிரியரானார். அங்கே 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்து, 1970இல் அதன் முடிவை வெளியிட்டார்.

பையன்களுக்குத் திரையில் நிறையப் புள்ளிகளைக் கண் சிமிட்டும் நேரம் காட்டினார்கள். எத்தனை புள்ளி என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு, "நீ கூடச் சொல்லும் கூட்டம், நீ குறையச் சொல்லும் கூட்டம்" என்று இரண்டாகப் பிரித்தார்கள். உண்மையில் மதிப்பைப் பார்த்துப் பிரிக்கவே இல்லை, சும்மா பிரித்தார்கள். அடுத்து ஒவ்வொருவனையும் தனியே உட்கார வைத்து, மற்றப் பையன்களுக்குச் சின்னக் காசைப் பங்கிடச் சொன்னார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பேர் தெரியாது. ஓர் இலக்கமும் அவன் எந்தக் கூட்டம் என்பதும் மட்டும்தான் தெரியும். பங்கிடுகிறவனுக்கு அதில் ஒரு சதமும் கிடையாது.

என்ன நடந்தது? பெரும்பாலானவர்கள் தங்கள் கூட்டத்து இலக்கத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். சண்டையில்லை, பழைய பகையில்லை, சாதியில்லை, மொழியில்லை. திரையில் பார்த்த புள்ளிதான் காரணம்!

இதற்குப் பின் நடந்த சோதனையில் இன்னொன்று தெரிந்தது. ஒரு தாளில் பல வழிகள் எழுதியிருந்தன. ஒரு முனையில் நம்ம ஆளுக்கு 19, மற்ற ஆளுக்கு 25. நடுவில் இருவருக்கும் 13. மறுமுனையில் நம்ம ஆளுக்கு 7, மற்றவனுக்கு 1. நம்ம ஆளுக்கு நிறையக் கிடைக்க வேண்டும் என்றால் 19 உள்ள முனையைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் பையன்கள் மறுமுனைப் பக்கம் சாய்ந்தார்கள். நம்ம ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனை விட மேலே இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

தாய்மார்களே, இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? எங்களுக்கு வந்தது. தோட்டத்தில் ஒரு குழாய் போட வருகிறார்கள். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் போட்டால் எல்லோருக்கும் தண்ணி. "கீழ் லயத்தானுக்கு ஏன் போகணும்?" என்று ஒரு சண்டை. கடைசியில் குழாய் போட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இரண்டு லயத்துப் பெண்களும் குடத்தை எடுத்துக்கொண்டு பழைய பீலிக்கே நடந்தார்கள்.

இந்தப் பழக்கம் எந்த வயதில் தொடங்குகிறது தெரியுமா? 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் பத்து மாதக் குழந்தைகளைப் பார்த்தார்கள். வீட்டு மொழி பேசும் ஒருவரும் அந்நிய மொழி பேசும் ஒருவரும் ஒரே மாதிரிப் பொம்மையை நீட்டுவதாகக் காட்டினார்கள். வீட்டு மொழி பேசியவரின் பொம்மையைத்தான் குழந்தைகள் பெரும்பாலும் எடுத்தன. பால்குடி மறவாத பிள்ளைக்குப் பகை தெரியுமா? தெரியாது. பழகின சத்தம் மட்டும் தெரியும். பழகின சத்தம் என்றால் பயமில்லை. எங்கள் பாசத்தின் வேர் அதுதான். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. "வந்தீங்களா" என்று பேசுகிற பிள்ளையைப் பார்த்து, "வந்தனீங்களோ" என்று பேசுகிற பிள்ளை சிரிக்கிறது. "தோட்டக்காட்டான்", "வடக்கத்தியான்" என்ற சொற்களை அது தானாகக் கண்டுபிடிக்கவில்லை, பெரியவர்கள் வாயிலிருந்து எடுத்தது. சத்தம் வேறு என்று கேட்பது இயற்கை. வேறு சத்தம் என்றால் கீழ்ச் சாதி, கூலிக்கு மட்டும் சரி என்பது நாங்கள் சொல்லிக் கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

சரி, இந்தப் பாசம் எப்போது விஷமாகிறது? பொதுச் சொத்தைப் பங்கிடுகிற கையில் அது ஏறி உட்காரும்போது. நம்ம சரித்திரத்தையே பாருங்கள்.

எங்கள் முப்பாட்டன்மார் கங்காணியோடுதான் கடல் கடந்தார்கள். கங்காணி தன் ஊர், தன் சொந்தம், தன் சாதி என்று பார்த்து ஆள் சேர்த்தார். போகிறது காடு, பாஷை தெரியாத தேசம். "நம்ம ஊர்க் கங்காணி இருக்கிறார்" என்ற நம்பிக்கையில் ஏறினார்கள். அந்த நம்பிக்கை வழியில் துணையாகவும் இருந்தது. ஆனால் பிரட்டுக் களத்தில் பேர் போடுவதும், முன்பணக் கடனைக் கணக்கு வைப்பதும், ஆள் தலைக்குத் தலைக்காசு வாங்குவதும் அதே பெரிய கங்காணிதான். கடனை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. "நம்ம ஆளு" என்ற சொல்லை வைத்தே நம்மைக் கட்டிப்போட்ட காலம் அது.

பிறகு நாடு முழுக்க அதே கதை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. யார் இந்த நாட்டின் ஆள் என்று தீர்மானிக்கும் பேனா ஒரு கூட்டத்தின் கையில் இருந்தது. தேயிலை நட்டவன் வெளியே தள்ளப்பட்டான், வாக்கும் போனது. அந்தக் கேள்வியில் தமிழ்ப் பிரதிநிதிகளும் இரண்டு பட்டு நின்றார்கள். அதனால் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நாடற்றவர் என்ற பேர் முழுதாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். ஐம்பத்தைந்து வருஷம்!

இங்கே வன்னிக்கு வந்த பிறகு? நாங்கள் வந்த வீட்டில் குறை சொல்கிறோம் என்று ஐயாமார் நினைக்க வேண்டாம். நீங்களும் அறிந்ததுதான். ஒரே தமிழ், ஒரே கோயில். ஆனாலும் காடு வெட்டிய கைக்குக் காணி உறுதி வரத் தாமதம். வயலில் அருவி வெட்டக் கூப்பிடுவார்கள், கலியாணத்துக்குக் கூப்பிட யோசிப்பார்கள். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் அடைபட்டுக் கிடந்தபோது, அந்த முட்கம்பி யார் எந்த ஊர், யார் ஆக்கள் என்று கேட்கவில்லை. நாங்கள் மட்டும் வெளியே வந்ததும் மறுபடி கேட்கத் தொடங்கினோம்.

மற்றவர் குற்றத்தை இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் குற்றத்தைச் சொல்லாமல் போனால் அது பேச்சல்ல. சில வருஷங்களுக்கு முன் எமது நிதியத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து கொடுக்க ஒரு பட்டியல் எடுத்தோம். நாங்களே வீடு வீடாகப் போய், கஷ்டப்பட்ட பிள்ளைகளின் பேரை எழுதினோம். மனசாட்சியோடுதான் எழுதினோம். கொடுத்து முடிந்த பிறகு ஒரு கிழவி வந்து, "ஏங்க, எங்க டிவிசன்ல பிள்ளைங்க படிக்கலையா?" என்று கேட்டார். பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். பேர் எழுதப் போன எங்கள் ஆட்கள் எந்த டிவிசனோ, அந்த டிவிசன் பிள்ளைகள்தான் நிறைய. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. தெரிந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தோம், அங்கே கஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாத லயத்தில் வாசலில் நின்று கேட்டோம், கஷ்டம் உள்ளே இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கிழவியின் முன்னால் தலை குனிந்து நின்றோம். அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. யாரையும் வெறுக்காமலேயே அநியாயம் செய்ய முடியும். நம்ம ஆளை மட்டும் கவனமாகப் பார்த்தாலே போதும், மற்றவன் பட்டினி கிடப்பான்.

அப்படியானால் இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. "நம்ம" என்ற வட்டம் கல்லில் வெட்டினது அல்ல. புள்ளியை வைத்து உண்டாக்க முடிந்தால், வேறொன்றை வைத்துப் பெரிதாக்கவும் முடியும்.

1954இல் அமெரிக்காவில் முசாபர் ஷெரீப் என்ற துருக்கி நாட்டு ஆராய்ச்சியாளர் 22 சிறுவர்களை ஒரு காட்டு முகாமுக்குக் கொண்டு போனார். இரண்டு கூட்டமாக்கினார். ஒரு கூட்டம் பாம்பின் பேரையும் மற்றது கழுகின் பேரையும் வைத்துக்கொண்டது. விளையாட்டுப் போட்டி, கயிறு இழுத்தல் என்று வைத்ததும், சில நாட்களுக்குள் கொடியை எரிப்பது, குடிலுக்குள் புகுந்து சாமானைக் கலைப்பது என்று வந்துவிட்டது. சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள்! பிறகு முகாமுக்குத் தண்ணீர் நின்றது. எங்கே அடைப்பு என்று இரு கூட்டமும் சேர்ந்துதான் தேட வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டு வர வேண்டிய லொறி ஓடாமல் நின்றது. முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றைக் கட்டி, எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். இப்படிப் பல நாள் போன பிறகு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு கூட்டம் தான் வென்ற 5 டாலரில் எல்லோருக்கும் பால் பானம் வாங்கிக் கொடுத்தது.

எங்கள் மண்ணிலும் வட்டத்தைத் தாண்டியவர்கள் உண்டு. மடுல்கலைப் பக்கம் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், துரைமார் கூட்டத்தை விட்டுவிட்டு 1937இல் தொழிலாளர் மேடையில் ஏறிப் பேசினார். நாட்டை விட்டுப் போ என்று கவர்னர் கட்டளை போட்டார். உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்றது. இந்த வவுனியாவில் வைத்தியராக இருந்த டொக்டர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் வடக்கைச் சேர்ந்தவர்கள். "ஆர் ஆக்கள்" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் காந்தீயம் இயக்கத்தைத் தொடங்கி, கலவரத்தில் வந்த மலையகக் குடும்பங்களை இந்த மண்ணில் குடியேற்றினார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் டொக்டர் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா உயிர் தப்பி, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர் பேரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லுங்கள்.

எல்லோரும் டொக்டர் இராசசுந்தரம் ஆக முடியாது. சாதாரண ஜனங்கள் என்ன செய்யலாம்? அதற்கும் வழி நம்மிடமே இருக்கிறது.

தீபாவளிக்கு லயத்தில் சேர்ந்து ஆடு வாங்கி அடிக்கிறோம். இங்கேயும் பங்கு இறைச்சி உண்டு. எப்படிப் பங்கிடுகிறோம்? ஈரலில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், சதையில் கொஞ்சம் என்று கூறு போடுகிறோம். எந்தக் கூறு யாருக்கு என்று கூறு போடுகிற ஆளுக்கு அப்போது தெரியாது. அதனால்தான் கூறு சமமாக வருகிறது. அந்த ஆள் பெரிய நல்லவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. முறை நன்றாக இருந்தால் போதும்.

குளத்தை நம்பி வாழும் இந்தப் பக்கத்துக்குத் தெற்கே, அநுராதபுரத்துச் சிங்களக் கிராமங்களில் "பெத்ம" என்று ஒரு பழக்கம் உண்டு. குளத்தில் தண்ணீர் குறைந்த வருஷத்தில், குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் விதைப்பார்கள். அந்த வயல் யாருடையதாக இருந்தாலும், தூரத்தில் வயல் உள்ளவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. தண்ணீர் வற்றும்போது மனசும் வற்றும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் முறையை முன்கூட்டியே செய்து வைத்தார்கள்.

எனவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். தோட்டத்தில் இருக்கிற எங்கள் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறோம்.

ஒன்று: வீட்டுச் சோறு உங்கள் சோறு. மச்சானுக்குப் போடுங்கள், மருமகனுக்குப் போடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வீட்டுத் திட்டம், காணித் துண்டு, தண்ணிக் குழாய், வேலைக்குப் பேர், பிள்ளைகளின் உதவிப் பணம் எல்லாம் பொதுக் கூறு. அதற்கு யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்ற முறையை, பேரைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா என்று பார்த்துப் பட்டியல் போடாதீர்கள்.

இரண்டு: பட்டியல் எழுதுகிறவர்களில் ஒருவராவது அந்தப் பக்கத்து ஆளாக இருக்கட்டும். மேல் லயத்தின் பட்டியலைக் கீழ் லயத்து ஆளும் பார்க்கட்டும். எழுதியதை மடுவத்திலோ வாசிகசாலையிலோ எல்லோரும் வாசிக்க ஒட்டுங்கள். எங்கள் கொப்பிப் பட்டியலை இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்தக் கிழவியின் டிவிசனைச் சேர்ந்த ஒரு தங்கச்சியும் இப்போது எங்களோடு வந்து பேர் எழுதுகிறார்.

மூன்று: சேர்ந்து செய்ய ஒரு வேலையைப் பிடியுங்கள். "ஒற்றுமையாக இருங்கள்" என்று சொல்லி ஒற்றுமை வராது. சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாலும் வராது என்று பார்த்தோமே! குளக்கட்டில் பற்றை வெட்டுவது, பள்ளிக்கூடத்துக் கிணற்றை இறைப்பது என்று இரண்டு பக்கத்தாரும் இல்லாமல் முடியாத வேலையாக இருக்க வேண்டும். கயிறு ஒன்று, இழுக்கிற பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

பேச்சை முடிக்கும் முன் ஒரு சின்ன விஷயம். கூட்டம் தொடங்க முன்னர், எங்களை "ஆர் ஆக்கள்" என்று கேட்ட அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். தண்ணிப் போத்தல் கொண்டு வந்து தந்துவிட்டு, "மலையிலயிருந்து வந்தனீங்கள், வெக்கை தாங்கமாட்டியள், நிழலில இருங்கோ" என்றார். அவர் இப்போது முன் வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, உங்கள் கேள்வி எங்களைக் கொஞ்சம் நோகடித்தது உண்மை. உங்கள் தண்ணி அதை ஆற்றியதும் உண்மை. அடுத்த முறை நாங்கள் வரும்போது, வெளியூரான் ஒருவனைப் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்ற கேள்வியை முதலில் கேட்போம். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.